கப்பல் கட்டிய கயிறு

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
புதன்கிழமை.

அத்தான் அவர்களுக்கு,

பிரகலாதன் எழுதுவது. டொரொன்டோவில் நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதை விசாரிக்க நான் எழுதவில்லை. போனில் வாய் திறந்தால் "உனக்கு என்ன தெரியும்" என்று வெட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் இதை எழுதிப் படம் பிடித்து அக்காவின் போனுக்கு அனுப்புகிறேன். அவ வாசிக்க, நீங்கள் இருந்து கேளுங்கள்.

மரம் வெட்டும் வேலைக்கு உங்கள் மகன் யதுர்சன் மாசி மாதம் மூன்றே மூன்று சாமான் கேட்டான். கொப்பு இறக்குவதற்கென்றே பின்னிய கயிறு, மேலே கட்ட ஒரு கப்பி, அடிமரத்தில் பூட்டிக் கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் இரும்பு உருளை. படமும் அனுப்பினான். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "துறைமுகத்தில இருவது வருசம் கயிறு பிடிச்சவன் நான். கப்பலைக் கட்டுற கயிறு ஒரு கொப்பைத் தாங்காதோ? உதெல்லாம் விளையாட்டுச் சாமான்." சொன்னதோடு விட்டீர்களா? சல்லிக் கிராமத்தில் உங்கள் கூட்டாளியிடம் கிடந்த பழைய கயிற்றுச் சுருளை எடுப்பித்தும் தந்தீர்கள்.

கப்பல் கயிற்றை மெல்ல மெல்லத்தான் இழுக்கும், அத்தான். வெட்டின கொப்பு அப்படியில்லை, விழுந்து உதறும். அந்த ஒரு உதறலில் நூறு கிலோ எத்தனை மடங்கு ஆகும் என்று துறைமுகத்தில் உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லைப் போல.

போன வியாழக்கிழமை இங்கே ஒரு வீட்டு முற்றத்தில் வாகை மரம். யதுர்சன் மேலே இடுப்புப் பட்டியில் தொங்கிக்கொண்டு வெட்டினான். கீழே கயிறு பிடித்தது நான். கப்பி இல்லாததால் கயிறு மரக் கவட்டில் உரசிக்கொண்டு ஓடியது. பிளாஸ்டிக் எரியும் மணம் எனக்குக் கீழேயே அடித்தது. என் உள்ளங்கைத் தோல் உரிய உரிய விடாமல் பிடித்தேன். கொப்பு ஊஞ்சல் மாதிரித் திரும்பி வந்து, அவன் கால் வைத்திருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே மோதியது. அதன்பிறகுதான் கயிறு அறுந்தது. அவன் கால் தப்பியது யார் செய்த புண்ணியமோ, உங்களுடையது இல்லை.

கயிறு அறுந்துவிட்டது என்று மட்டும்தான் அவன் உங்களுக்குச் சொன்னான். "அறுந்த இடத்தில முடிஞ்சுபோட்டு வேலையைப் பாருங்கோ" என்றீர்கள். வருகிற திங்கள் ஈச்சிலம்பற்றில் ஒரு கூரைக்கு மேல் சாய்ந்த மரத்துக்கும் அங்கிருந்தே வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அந்த முடிச்சுக் கயிற்றை நான் பிடிக்கமாட்டேன் என்றேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஏசிவிட்டு வேறு ஆளைப் பிடித்துக் கொடுத்தீர்கள். என்ன மனுசன் நீங்கள்?

இனிச் சொல்லப்போவது நான் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணியது. அன்றைக்கு அவனை இறக்கி எடுத்தபோது இடுப்புப் பட்டியைக் கழற்றாமல் அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்தாறு வயதுப் பிள்ளை. வாய் திறந்து முதலில் சொன்னது இதுதான்: "மாமா, அப்பாட்டச் சொல்லிப்போடாதேங்கோ. நான் பயந்திட்டன் எண்டு நினைப்பார்."

நான் மறித்தாலும் திங்கட்கிழமை அவன் ஏறாமல் நிற்கமாட்டான். உங்களுக்காக ஏறுகிறவன் உங்கள் சொல்லுக்குத்தான் இறங்குவான். கயிறும் கப்பியும் பிறகு அனுப்புங்கள். முதலில் அவனுக்குப் போன் எடுத்து, "ஏறாதை தம்பி" என்று ஒருக்கால் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் உங்கள் வாயில் வரக் கோணேசர்தான் துணை நிற்க வேணும்.

கோபம் ஆறாத உங்கள் மைத்துனன்,
பிரகலாதன்