சம்பந்தி குடிக்காத தேத்தண்ணி

சம்பந்தி, இன்று காலை உங்கள் மகள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். இஞ்சி வாசம் ஆளைத் தூக்கியது. ஆனாலும் கை நீளவில்லை. "இப்பத்தான் குடிச்சேம்மா, வேணாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். டம்ளரோடு அப்படியே நின்றாள்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, மகளைப் பார்க்கப் பதுளைக்கு வருவீர்கள். ஆயுள் முழுக்கத் தேயிலை பேக்டரியில் உழைத்த மனிதர், எங்கள் வீட்டில் மட்டும் "இப்பத்தான் குடிச்சேம்மா" என்று சொல்லி ஒரு வாய் தேத்தண்ணி தொடமாட்டீர்கள். சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் போனால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? என் மனைவி மூக்கைச் சிந்தினாள். "கல்யாணத்துல எதும் கொறை வச்சோமா? மனசுல எதையோ வச்சிக்கிட்டுத்தான் இப்படிப் பண்றாரு." அந்தக் கோபம் மெல்ல மெல்ல உங்கள் மகள் மேல் இறங்கியது. அடுப்படியில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு குறைந்து, பிறகு நின்றே போனது.

பொறுக்க முடியாமல், உங்களை வழியனுப்பும் சாக்கில் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

"கோபமெல்லாம் இல்லீங்க சம்மந்தி. ஒண்ணுக்குப் போறதுல கஷ்டம். குடிச்சா ஒடனே முட்டுது, போனா சொட்டுச் சொட்டாத்தான் வருது. பொம்பளைங்க இருக்க வீட்டுல எத்தன தடவ எந்திரிக்கிறது? மகளுக்கு மானக்கேடு."

டாக்டரிடம் போகலாம் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "குழாய் விட்டுப் பார்ப்பாங்களாம். நா வரலீங்க."

குழாயும் இல்லை, ஊசியும் இல்லை, தண்ணீர் குடித்துவிட்டு, முட்டும்போது ஒரு மெஷினில் ஒண்ணுக்குப் போனால் போதும் என்று விசாரித்து வந்து சொன்ன பிறகுதான் சம்மதித்தீர்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆளைக் காணவில்லையே என்று தேடினால், முகம் கழுவி, திருநீறு பூசி, கக்கூஸ் பக்கமிருந்து வருகிறீர்கள்! "பெரிய டாக்டரு முன்னால நிக்கப்போறோம். மரியாதையா காலி பண்ணிட்டு வந்துட்டேங்க." நர்ஸ் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே! மறுபடி தண்ணீர் குடிக்க வைத்து, முட்டும்வரை பெஞ்சில் காத்திருந்தோம். நீங்கள் குடிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் முதலில் முட்டியது.

தனியறையில் புனல் வைத்த மெஷின் உங்கள் வேகத்தை அளந்து காகிதத்தில் கோடு போட்டது. பிறகு அடிவயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன். போன பிறகும் உள்ளே நிறையத் தங்கியிருந்தது. "மூத்திரப்பைக்குக் கீழ இருக்க சுரப்பி வீங்கி வழிய அடைக்குது போல இருக்கு ஐயா. மொதல்ல மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்றார் டாக்டர். நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "தேத்தண்ணி குடிக்கலாங்களா?" அளவாகக் குடிக்கச் சொன்னார்.

மாத்திரை பிடித்துக்கொண்ட பின் வந்தீர்களே, அந்த வருகையை நான் மறக்கமாட்டேன். என் மனைவி உம்மென்று டம்ளரை வைத்தாள். ஒரே மூச்சில் குடித்தீர்கள். "கோபம் இல்லீங்க சம்மந்தியம்மா. ஒண்ணுக்குப் போறதுல அடைப்பு இருந்துச்சு, அதான் குடிக்கல. இன்னும் கொஞ்சம் இருக்குங்களா?" என்று மகள் முன்னாலேயே சொல்லிவிட்டீர்கள். மனைவி அடுப்படிக்கு ஓடினாள். உள்ளே மாமியாரும் மருமகளும் சேர்ந்து அழுவது நம் இருவருக்கும் கேட்டது.

போன வருடம் நெஞ்சுவலி உங்களைத் திடீரென்று கொண்டுபோய்விட்டது. நீங்கள் இல்லாதது எனக்குப் பெரிய குறை, சம்பந்தி. இந்தச் சங்கடத்தை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன் என்று கொஞ்ச நாளாகவே மருகிக்கொண்டிருந்தேன்.

இன்று டம்ளரோடு நின்றவளிடம், நீங்கள் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டேன். "ஒண்ணுக்குப் போறதுல கஷ்டமா இருக்கும்மா. அதான் வேணாங்கிறேன்."

அவளுக்குக் கண் நிறைந்தது. டம்ளரை என் கையில் வைத்தாள்.

"குடிங்க மாமா. நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம். ஆனா அப்பா மாதிரி, மரியாதைன்னு காலி பண்ணிட்டு வந்துறாதீங்க."

குடித்துவிட்டேன், சம்பந்தி.