அவரைப் பந்தலின் புதுக் கயிறு

அண்ணி,

எழுத உட்கார்ந்ததும் கூரை மூங்கிலிலிருந்து மரத்தூள் காகிதத்தில் கொட்டியது. உங்கள் கருவண்டுகள் இன்னும் குடைகின்றன. தட்டினால் அண்ணன் விழித்துவிடுவான். விரலால் ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

ஓரிக்கையிலிருந்து கல்யாணமாகி வந்தபோது முந்தானையில் நாட்டு அவரை விதை முடிந்து வந்தீர்கள். கொல்லைப் பந்தல் முழுக்க ஊதாப் பூ. "இந்தத் தடியன் வந்து மிதிச்சாதான் பூ வாயத் தொறக்கும் பாப்பா" என்று கருவண்டைக் காட்டிச் சிரிப்பீர்கள். அம்மா அப்பா போனபிறகு இந்த வீட்டில் நான் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

பூவுக்கு வந்த வண்டுகள் தறிக்கு மேலே மூங்கிலில் கூடு குடைந்தன. தூள் தறியில் விரித்த பட்டு இழைப் பாவில் விழுந்தது. "உன் சொந்தக்காரனுங்க என் பாவுல குப்ப கொட்டிக்கினு இருக்கானுங்க" என்று சொல்லிச் சொல்லி அண்ணன் உங்களை அறைவான். "அதுக்கும் வூடு வேணும் இல்ல?" என்பீர்கள், கன்னத்தைத் தடவிக்கொண்டு.

அன்றைக்குத் தறியில் கல்யாணப் புடவை. அதன்மேலும் தூள் விழுந்திருந்தது. காலையிலேயே அரிவாளால் கொடியை அடியோடு வெட்டினான். பந்தலை இழுத்துச் சாய்த்தான். குறுக்கே வந்த உங்களைப் பந்தல் கழியாலேயே அடித்தான். கழி முறிந்தது. வாயில் ரத்தத்தோடு, கொல்லைக் கதவருகே நூல் ராட்டை முன் இருந்த என்னைப் பார்த்து, "வேர் இருக்குது பாப்பா, துளிர்த்துக்கும்" என்றீர்கள். அது அவன் காதில் விழுந்துவிட்டது. முடியைப் பிடித்துத் தறிவரை இழுத்துப்போனான். தறிக்காலில் தலையை மோதினான். மறுபடியும் மோதினான். என் கை நின்ற பிறகும் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு தறிக்காலைத் துடைத்தான். தறிக்கு வாங்கிவைத்த புதுக் கயிற்றால் பந்தலைத் தூக்கிக் கட்டி, வெட்டிய கொடியை மேலே போட்டான். மூச்சு நின்ற உங்களை அதன் கீழே கிடத்தினான். அதற்கப்புறம்தான் தெருவைக் கூப்பிட்டான்.

"காய் பறிக்க முக்காலி மேல ஏறினா. வண்டு கொட்டிடுச்சு, வுழுந்துட்டா."

எல்லோரும் நம்பினார்கள். மறுநாளே கொடி வாடிப்போனது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் அரிவாளைக் காட்டி, "வாயத் தொறந்தே, அடுத்தது நீதான்" என்றான்.

நாளை உங்கள் அப்பா வருகிறார். உங்கள் தங்கையை இவனுக்கே தருவதாகப் பேச்சு. "வூட்ல வெளக்கேத்த ஆள் இல்ல மாமா" என்று போன முறை அவர் எதிரில் அழுதான்.

அடிக்கட்டையில் இரண்டு தளிர் வந்திருக்கிறது அண்ணி. அவன் கண்ணில் படாமல் சருகு போட்டு மூடியிருக்கிறேன். மாமாவைக் கொல்லைக்கு அழைத்துப்போய்ச் சருகை விலக்கி, அரிவாள் வெட்டைக் காட்டுவேன். அந்தப் புதுக் கயிற்றையும் காட்டுவேன். சொல்லவேண்டியது ஒரே வரிதான். அதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"மாமா, அண்ணி விழுந்தப்போ பந்தலே இல்ல."