பௌதிகத்துக்குப் பழைய பெயர்

புதுச்சேரி,
19-11-1958

அன்புத் தம்பி பலராமனுக்கு அக்கா சுலோசனா ஆசையோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கல்யாணம் நின்றுபோக இருந்தது. இப்போது நாளே குறித்தாகிவிட்டது. பதறாதே, முழுதும் படி.

ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்ததும் நீ என்ன எழுதினாய்? "இயற்கைத் தத்துவத் துறையில் சேர்ந்துவிட்டேன்" என்று ஒரே வரி. அதற்கு மேல் விளக்க உன் பேனாவில் மை இல்லையா? பௌதிகம் படிக்கப் போன பிள்ளை தத்துவத்தில் சேர்ந்தால் இந்த ஊர் என்ன நினைக்கும்? தத்துவம் தேடி வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து ஆசிரமத்தில் உட்கார்ந்துவிடுவதைத் தினமும் பார்க்கிறோம். நீயும் சாமியாராகிவிடுவாய் என்று அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை.

செய்தி ரெட்டியார்பாளையம் வரை போய்விட்டது. உன் மாமனாராகப் போகிற தணிகாசலம், நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்கத் தட்டோடு வந்து நின்றார். "சாமியாரா போறவருக்கு எம் பொண்ணக் குடுக்க முடியாதும்மா" என்றார். அம்மா அழுதேவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில், நீ மட்டும் எதிரில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

தட்டு கைமாறுவதற்குள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள் தனக்கொடி! கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறலாமா என்ற யோசனையே இல்லை. பள்ளிக்கூட டீச்சர் அல்லவா, அப்பாவையே பெஞ்சில் உட்காரவைத்த மாதிரி பாடம் நடத்தினாள். "அந்தக் காலத்துல கல்லு ஏன் கீழ விழுது, வெளிச்சம் எப்படி வருதுன்னு யோசிக்கிறதுக்கெல்லாம் இயற்கைத் தத்துவம்னுதாம்ப்பா பேரு. நியூட்டனும் அப்படித்தான் சொன்னாரு. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரின்னு பிரிச்சது பின்னாலதான். அங்க பழைய பேர மாத்தாம வச்சிருக்காங்க. பிரெஞ்சு கவர்னர் போயி கமிஷனர் வந்தப்புறமும் நீங்க கவர்னர் வீடுன்னுதான சொல்றீங்க?" என்றாள்.

மாமா சிரித்தார் பார், தெருவுக்கே கேட்டிருக்கும்! தட்டைத் திருப்பிக் கொடுக்காமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். உன் கோடை விடுமுறைக்குத் தோதாக, வருகிற ஆவணியில் முகூர்த்தம்.

காப்பி போட எனக்கு ஒத்தாசையாக வந்த தனக்கொடி மெல்லக் கேட்டாள்: "தத்துவம்னதும் நான் பயப்படலக்கா. ஆனா படிச்சு முடிச்சதும் இங்கதான வருவாரு?" வராமல் எங்கே போவான் என்று அதட்டிவிட்டேன். அதட்டிய பிறகு அதே யோசனையில் காப்பியில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

என் பதில் போதாதடா தம்பி. அவள் பெயருக்கே ஒரு கடிதம் போடு. குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகப் படி. நூறு வயது நன்றாக இரு, இங்கே எங்கள் கண் முன்னால் இரு.

உன் அக்கா,
சுலோசனா