செம்பருத்திக் கம்புகள் நாட்டைப் பிரித்த காலை

என் செல்லமான மச்சம்பி செல்லையா,

பாறசாலை முதல் பாதாளம் வரை புகழ்பெற்ற செம்பருத்திச் சக்கரவர்த்தியே! என் தங்கை கமலத்தைக் கட்டிய ஒரே காரணத்தால் என் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்த மாமனிதனே! நீ இருக்கிற இடத்துக்குக் கடுதாசி போகுமா என்று தபாலாபீசில் கேட்டேன். "எந்த சம்ஸ்தானம்?" என்றார்கள். நாங்கள் இருக்கிற சம்ஸ்தானமே எங்களுக்குத் தெரியாத காலத்தில் உன்னுடையதை நான் எங்கே போய்க் கேட்பேன்? அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இந்தப் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன்.

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நீ விட்டுப்போன குழப்பம் மட்டும் முடியவில்லை. தமிழ்த் தாலுகாக்களை மதராசோடு சேர் என்று ஒரு ஊர்வலம். திருவிதாங்கூரிலிருந்து ஒரு பிடி மண்கூடத் தரமாட்டோம் என்று இன்னொன்று. நம் ஊர் நட்டநடுவில். கோடு எந்தப் பக்கம் விழும் என்று கடவுளுக்கும் அறிவிப்பு வரவில்லை. காலையில் ஒரு சாயாக்கடை எங்களை மதராசுக்குக் கொண்டுபோகிறது; சாயங்காலம் எதிர்க்கடை திருப்பிக் கொண்டுவருகிறது. இப்படி நாடு மாறி மாறி எனக்குத் தலைசுற்று வந்துவிட்டது.

அதைவிடு. உன் அடுக்குச் செம்பருத்தியைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

கிணற்றடியில் வாய் உடைந்த ஊறுகாய்ப் பரணியில் நின்றதே, அதுதான். ஒரு பூ விரிந்தால் அதன் நிழலில் ஒரு கல்யாணப் பந்தி நடத்தலாம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த செடி. நீ போன பிறகு அதன் இலை மஞ்சளித்தது. கொழுந்தில் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக அப்பியது. அடுப்புச் சாம்பல் தூவினேன். பூச்சி போனது, அடிவேர் அழுகத் தொடங்கியது. மழையாலா, பூச்சியாலா, நீ இல்லாததாலா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கமலம் அப்போதெல்லாம் கிணற்றைத் தாண்டி வரமாட்டாள். காலையில் பரணிப் பக்கம் நின்று தண்டைத் தொட்டுப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் மட்டும் வாய் திறந்தாள்.

"அண்ணா, இதும் போச்சுண்ணா பின்ன எனக்கு முற்றத்துல என்ன சோலி?"

அடுக்குப்பூச் செடிக்கு விதை கிடையாது. கம்பு பிடித்தால்தான் உண்டு. பச்சை மிச்சமிருந்த கிளைகளையெல்லாம் நறுக்கினேன். நீ செய்வதுபோலவே அடிப்பக்கம் சாய்த்து வெட்டி, மேல்நுனி காயாமலிருக்கச் சாணி உருண்டை வைத்தேன். வளவு முழுக்க மரச்சீனிக் கிழங்குச் செடி நிற்கிறதா, கிணற்றிலிருந்து ரோடு வரைக்கும் போகிற ஓரம் ஒன்றுதான் காலி. தூறல் போட்டதால் ஒரு கையில் குடை, மறு கையில் கயிறு. கயிறு பிடித்து ஒரே நேராக நட்டேன். என் ஆயுளில் நான் நேராகச் செய்த ஒரே காரியம் அதுதான், மச்சம்பி. அதுதான் வினையாகவும் போயிற்று.

கொஞ்ச நாளில் கணுவில் சிவப்பாகத் துளிர் எட்டிப்பார்த்தது. கமலம் வெயில் படாமல் ஓலைக்கீற்று சாய்த்து வைத்தாள். நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு காலையில், பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் திரேசியா அந்த வரிசைக்கு முன்னால் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"அண்ணாச்சி, வந்துட்டா?"

"எது?"

"எல்லைதான். குடை பிடிச்ச ஒரு ஆபீசரு சங்கிலி போட்டு அளந்துட்டுப் போனாராமே. நானும் மீனும் சேந்து தாண்டலாமா, இல்ல மீன் மட்டும் போணுமா?"

குடை பிடித்த ஆபீசர் யார் என்று உனக்குப் புரிந்திருக்கும். என் வாழைநார்க் கயிறுதான் ஊர் வாயில் சங்கிலியாகியிருந்தது. "திரேசியா, இது செம்பரத்திக் கம்பாக்கும்" என்றேன்.

"ஆமா, சர்க்காரு பின்ன தங்கத்துலயா நடுவான்?"

அவளைக் குறைசொல்லி என்ன பயன்? நம் பக்கத்தில் செம்பருத்திக் கம்பை வரிசையாக நட்டால் அது வேலி. வேலி என்றால் எல்லை. கோழிக்குஞ்சுக்கும் தெரிந்த சட்டம். அதற்குள் தெற்கு வீட்டுத் தங்கப்பனும் வடக்கு வீட்டு நாணுவும் ஓடிவந்துவிட்டார்கள். கோட்டுக்குத் தெற்கே மதராஸ், வடக்கே திருவிதாங்கூர் என்று கணக்கு. தங்கப்பன் மதராசுக்காக உயிரைக் கொடுக்கிற ஆள். அவன் மாட்டுத் தொழுத்து வரிசைக்கு வடக்கே மாட்டிக்கொண்டது.

"எனக்க பசு மதராசுல புல்லு தின்னுட்டு, திருவிதாங்கூர்ல போய்ப் பாலு கறக்கவா? நடக்காதுலே!" என்று ஒரு கம்பைப் பிடுங்கி வடக்கே தள்ளி ஊன்றினான்.

"சேட்டா, அப்ப எனக்க பிலாவு? சக்க அங்க விழுந்தா ஆருக்கு?" என்று திருவிதாங்கூர்க் கட்சி நாணு இரண்டு கம்பைப் பிடுங்கித் தெற்கே ஊன்றினான். அவன் பலாமரம் தெற்கே நின்றது.

அதற்கப்புறம் நடந்த போரைச் சொல்ல ஆயிரம் நாக்கு வேண்டும். மதராஸ் மரச்சீனிக்குள் புகுந்தது. திருவிதாங்கூர் கோழிக்கூட்டைப் பிடித்தது. நான் நடுவில் நின்று, நான்தான் நட்டேன் என்று கத்துகிறேன், ஒருவரும் நம்பவில்லை. இத்தனை பேர் நம்பாதபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையாகவே நான்தான் நட்டேனா?

தங்கப்பன் அடுத்த கம்பைப் பிடுங்கியபோது அதன் அடியில் நூல்போல வெள்ளை வேர் அறுந்து தொங்கியது. அப்போதுதான் கமலம் வந்தாள். கிணற்றைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, ரோட்டுக்கே வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"தங்கப்பண்ணே, வேரைப் பாத்தியளா? இப்பந்தான் பிடிச்சு வந்தது. எங்க வீட்டாளு வச்ச செடி. தாய்ச்செடி செத்தாச்சு. இதும் போச்சுண்ணா பின்ன எங்கயும் இல்ல."

நாணு மெல்ல, "ஞங்ஙள் அறிஞ்ஞில்ல, சேச்சி" என்று, தெரியாமல் செய்துவிட்டதைச் சொன்னான்.

"அறியாண்டாம். பிடுங்கினவங்க கொண்டுபோய் நட்டு வளக்கணும். பட்டுப்போச்சுண்ணா நான் உங்க முற்றத்துல வந்து இருந்து அழுவேன், பாத்துக்கிடுங்க."

எல்லை என்று நினைத்ததைப் பயபக்தியோடு ஆளுக்கொன்றாகக் கையில் ஏந்திக்கொண்டு போனார்கள். திரேசியாவும் விடவில்லை, மீன்கூடையில் ஒன்றைச் செருகிக்கொண்டாள்.

இனி நிலவரம் கேள். நம் வளவில் மிஞ்சிய கம்பெல்லாம், அசைத்த அசைப்பில், காய்ந்துவிட்டன. உன் வீட்டில் உன் செம்பருத்தி ஒன்றுகூட இல்லை. தங்கப்பன் வீட்டில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒன்று, இரண்டு இலையை நீட்டிக்கொண்டு முறைத்தபடி நிற்கிறது. நாணு வீட்டில் மொட்டே வந்துவிட்டது. பொழியூரில் மீன் கழுவிய தண்ணீர் குடித்து ஆள் உயரம் வளர்ந்திருப்பதாகத் திரேசியா சொல்கிறாள். பொய்யில் என்னை மிஞ்ச ஒருத்தி பிறந்திருக்கிறாள் என்பதை நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

கமலமோ விடிந்தால் வீட்டில் இல்லை! "வெள்ளம் கெட்டி நிக்குது, தகரத்துக்கு அடியில ஓட்டை போடுங்க" என்று தங்கப்பனுக்கு ஏச்சு, "நிழல்ல வச்சா பூக்குமா?" என்று நாணுவுக்கு ஏச்சு. நாணுவின் மனைவி பாவம் பார்த்து, செடியை மண்ணோடு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். "பிடிச்ச எடத்துல நிக்கட்டு" என்று சொல்லிவிட்டாள் உன் பெண்டாட்டி. எனக்குப் புரியவில்லை. அதற்காகத்தானே இவ்வளவும்? கேட்கவும் பயமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது என்னிடம் கேட்டாள்: "அண்ணா, அவரு இருந்தா எந்தப் பக்கம் சேந்திருப்பாரு?" நீ உன் அம்மாவிடம் மலையாளம் பேசுவாய், இவளிடம் தமிழ் பேசுவாய், ஊர்வலம் போகும்போது இரண்டு பக்கமும் பார்க்காமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாய். நான் என்ன சொல்ல? உனக்காவது தெரியுமா?

இப்போது பொழியூர்ச் செடியையும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். பஸ் ஓடாவிட்டால் நடப்போம். ஊர்வலம் வழிமறித்தால் பயமில்லை. இரண்டு கட்சிக் கோஷமும் எனக்கு மனப்பாடம், வருகிறதைப் போட்டுக்கொண்டே அவளை அந்தப் பக்கம் கொண்டுசேர்த்துவிடுவேன். இது உன் மச்சானின் வாக்கு.

உன் கமலத்துக்கு அண்ணன்,
குமரேசன்