மைனஸ் பத்து முதல் பத்து வரை

அபிலீன், டெக்சஸ்
பிப்ரவரி 5

அன்புள்ள இவெட்,

இன்று காலை எழுந்ததும் காபிகூடப் போடாமல் வெளியே போய்க் காரின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். நல்ல குளிர். காலில் செருப்பு இல்லை. வலது விளக்குக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு குழி. நேற்றுக் காலை அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். ரத்தம் இல்லை, முடி இல்லை, கிழிந்த துணி எதுவும் இல்லை. இவற்றையெல்லாம் தேடினேன், இவெட்.

நேற்று கால்குலேட்டர் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டுக் கிளம்பும்போது பொழுது இறங்கிவிட்டது. வீட்டுக்கு இரண்டு தெரு இருக்கையில் 'டப்' என்று ஒரு சத்தம். நிறுத்தி இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். அந்த இருட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டேன், இவெட், நடுத்தெருவில் நின்றுகொண்டு. மறுபடி காரில் ஏறினேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று கார் கிளம்பவில்லை என்று என் வீட்டுக்காரர் ராட்டிடம் பொய் சொல்லி, அவரோடு பள்ளிக்குப் போனேன். மூன்றாவது பாடவேளையில் மரிசா ஓர்ட்டிஸ் வரவில்லை. எங்கள் பக்கத்துத் தெருப் பெண். சாயங்காலமானால் சைக்கிளும் கையுமாகத்தான் இருப்பாள். எங்கள் வகுப்பில் கால்குலேட்டர்களை எப்படி வைத்திருக்கிறோம் என்று உனக்குத் தெரியும்: கதவுக்குப் பின்னால் ஷூ வைக்கத் தொங்கவிடும், வரிசையாகச் சின்னப் பைகள் தைத்த துணிப்பை, ஒவ்வொரு பைக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பிள்ளை. பிள்ளைகள் எடுத்துக்கொண்டதால் மற்ற எல்லாப் பையும் காலி. அவளுடைய பையில் மட்டும் கால்குலேட்டர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பாடம் முழுக்க அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அலுவலகத்தில் விசாரிக்கலாம். 'ஏன் கேட்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வேன்?

வேறு செய்தி எழுதுகிறேன். ஆகஸ்ட் முதல் அந்தத் துணிப்பையே இருக்காதாம். மாநிலத் தேர்வு மடிக்கணினிக்குப் போய்விட்டதால் வரைபடம் போடுகிற கால்குலேட்டரும் அதற்குள்ளேயே வந்துவிட்டது. தனியாக எதற்கு என்று எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். சான் மார்கோஸில் நாம் அறைத்தோழிகளாக இருந்தபோது வைத்திருந்ததை நினைத்துப் பார். செங்கல் கனம், நான்கு பேட்டரி, பரவளையம் போட்டால் படிக்கட்டு மாதிரி வரும். நீ அதை வைத்து ஜன்னல் மூடாமல் முட்டுக் கொடுப்பாய். பிறகு மெலிந்தது, வண்ணம் வந்தது, செல்போன் மாதிரி சார்ஜ் ஏற்ற முடிந்தது. காப்பியடிக்கச் சேமித்ததை மறைத்து 'நினைவகம் அழிக்கப்பட்டது' என்று பொய்யாகத் திரையில் காட்டப் பிள்ளைகள் கற்றுக்கொண்ட பிறகு, தேர்வு நேரத்தில் நினைவகம் பூட்டியிருப்பதைக் காட்ட அதன் தலையில் மின்னும் சின்ன விளக்கும் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்தான் முதல் ஆளாகக் கை தூக்கினேன். இந்த முறைதான் கை தூக்கவில்லை. சின்னத் திரை என் கைக்குள் முழுதாக நிற்கிறது, பெரிய திரையில் எனக்குக் கோடு தொலைந்துபோகிறது. ஏன் என்று கேட்காதே.

உன் பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்
டோன்யா


ஆஸ்டின்
பிப்ரவரி 9

அன்பு டோன்யா,

ஏன் என்று கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். கேட்கிறேன்.

நம் தோழி கார்லாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா உன்னிடம் கை நீட்டினார். நீ அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாய், கையைப் பார்க்கவில்லை. அவர் கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தட்டு ஏந்தி வந்த பையன்மேல் இரண்டு முறை மோதினாய். "இந்தப் பசங்க எங்கிருந்துடி முளைக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டாய். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. பார்வை குறைந்த பிள்ளைகளுக்குத்தானே நான் இங்கே பாடம் எடுக்கிறேன்? தலையை அப்படித் திருப்பித் திருப்பித் தேடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

உன் அப்பா வேலிமேல் டிராக்டரை ஏற்றிய கதையை நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். எனக்கு அதில் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. அவருக்கு அப்போது வயது ஐம்பதுகூட ஆகவில்லை. குடித்திருக்கவும் இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவருக்கும் வேலி கண்ணில் படவில்லையோ?

பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்று அளக்க ஒரு சோதனை இருக்கிறது, வலிக்காது. போ. அதுவரை கார் ஓட்டாதே. அந்தப் பெண் மரிசாவைப் பற்றி உடனே எழுது. எனக்கும் இங்கே தூக்கம் இல்லை.

என்றும் உன்
இவெட்


அபிலீன்
பிப்ரவரி 14

இவெட்,

மரிசா மறுநாளே வந்துவிட்டாள். வாய் நிறையக் கம்பி.

"நேத்து எங்கடி போன?"

"பல்லுக்குக் கம்பி போட்டாங்க மிஸ். அய்யோ, நீங்க அழறீங்களா?"

"தூசி."

"ரூமுக்குள்ள என்ன மிஸ் தூசி?"

"அபிலீன்ல தூசிக்கு ரூமு, வெளியேன்னு கணக்கு இருக்கா? போய் உக்காரு."

ஆக அவள் இல்லை. நான் இடித்தது இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஹாஸ்கல் கிழவரின் குப்பைத்தொட்டி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அவரே எல்லோரிடமும் முறையிட்டுக்கொண்டிருந்தார். "எவனோ குடிகாரப் பய, என் தொட்டிய நாலு வீடு தள்ளி உருட்டிவிட்டுப் போயிருக்கான். உள்ள இருந்த எலும்பெல்லாம் தெரு நாய்க்கு விருந்து!" நானும் நின்று, "காலம் கெட்டுத்தான் கிடக்கு" என்றேன். ராட் பக்கத்திலேயே இருந்தார். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

புதிய திரைக்கால்குலேட்டரை இந்த வாரம் வகுப்பில் ஓட்டிப் பார்த்தோம். பலகை முழுக்க அகலமாக விரிகிறது. நான் முன்னால் நின்று சமன்பாட்டை அடித்தேன். கோடு வரவில்லை. "எல்லாரும் அவங்கவங்க எண்ணைச் சரிபாருங்க, எங்கேயோ கழித்தல் குறி தப்பு" என்றேன். உனக்குத்தான் தெரியுமே: பழைய கால்குலேட்டரில் இரண்டு மைனஸ் பொத்தான், கழிக்க ஒன்று, குறை எண்ணுக்கு ஒன்று, பிள்ளைகள் மாற்றி அமுக்குவார்கள், நான் மூன்று வரிசை தள்ளி நின்றே கண்டுபிடித்துத் திட்டுவேன்.

"மிஸ், கோடு வந்தாச்சு" என்றான் டைலர்.

"எங்க?"

"உங்க தோளுக்குப் பக்கத்துல. இன்னும் கொஞ்சம் நகந்தா இடிச்சுடுவீங்க."

வகுப்பே சிரித்தது. மரிசா புதுக் கம்பியோடு, "மிஸ்ஸுக்கு மைனஸ் பட்டன் மட்டுந்தான்டா கண்ணுக்குத் தெரியும்" என்றாள். நானும் சிரித்தேன். பொம்மை மாதிரி தலையை மெல்லத் திருப்பினேன். திருப்பத் திருப்பக் கோடு வந்தது, சிவப்பாக, என் காதுக்கு ஒரு முழம் தள்ளி. அது அத்தனை நேரமும் அங்கேயே இருந்திருக்கிறது.

சரி, உனக்குப் பதில் சொல்கிறேன். குப்பைத்தொட்டி. ஆள் இல்லை, நாய்கூட இல்லை. பேச்சு முடிந்தது. என்னை உன் மாணவி மாதிரி நடத்தாதே. வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து போகிற தூரமா? ராட் விடிவதற்குள் வேலைக்குப் போக வேண்டியவர், அன்று ஒருநாள் எனக்காகத் தாமதமாகப் போனதற்கே மேலாளரிடம் பேச்சு வாங்கினார். வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுகிறேன். மெதுவாக ஓட்டுகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், அடிக்கட்டும். சோதனைக்கு இப்போது நேரமில்லை.

டோன்யா


ஆஸ்டின்
பிப்ரவரி 19

டோன்யா,

சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டினால் என் தைரியம் போய்விடும்.

அது குப்பைத்தொட்டி என்று தெரியும்வரை நீ எப்படி இருந்தாய் என்று நீயே எனக்கு எழுதியிருக்கிறாய். அந்தப் பையில் எடுக்கப்படாமல் கிடந்த கால்குலேட்டரைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் சும்மா இருந்தால் அந்தச் சத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு.

வசந்த விடுமுறை முடியும்வரை பொறுக்கிறேன். அதற்குள் நீ சோதனைக்குப் போகாவிட்டால் ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்கு எழுதுவேன். மொட்டைக் கடிதம் இல்லை, என் பெயர் போட்டு எழுதுவேன். நீ அதற்குப் பிறகு என்னோடு பேசாமல் போகலாம். கல்லூரி நாளிலிருந்து எனக்கு உன்னைத் தவிர யார் கடிதம் எழுதுகிறார்கள்? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

இவெட்


அபிலீன்
மார்ச் 15

அன்புள்ள இவெட்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் போன் செய்து சோதனைக்கு நாள் கேட்டேன். இரண்டையும் ஒரே மதியத்தில் செய்தேன்.

வியாழக்கிழமை ராட் கூட்டிப்போனார். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி, அதையே பார்க்க வேண்டும். எங்காவது ஒளி தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். பொத்தான் அமுக்கியே வாழ்ந்த விரல் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்று வந்தது, அமுக்கினேன். இன்னொன்று வந்தது, அமுக்கினேன். அப்புறம் எதுவுமே வரவில்லை. காத்திருந்தேன். கருவிக்குள் ஏதோ நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"மெஷின் நின்னுடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண், ரொம்ப மெதுவாக. "நீங்க நேராவே பாருங்க."

எத்தனை விளக்குகள் என்னைச் சுற்றி எரிந்து அணைந்தனவோ. இதுபோல நான் ஒருநாளும் பயந்ததில்லை, இவெட். அந்த 'டப்' சத்தத்தின்போதுகூட இல்லை. அப்போது ஒருமுறைதான் நடந்தது என்று நினைத்தேன். இங்கே உட்கார்ந்தபோதுதான், தினமும் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது.

டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரு சின்ன வெளுப்பு. "நடுவுலருந்து இந்தப் பக்கம் பத்து டிகிரி, அந்தப் பக்கம் பத்து டிகிரி. அவ்வளவுதான் மிச்சம். மேலயும் கீழயும் அதேதான்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் திடுக்கிட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? மைனஸ் பத்திலிருந்து பத்து வரை. குறுக்கே அதுவே, நெடுக்கே அதுவே. கால்குலேட்டர் வாங்கின அன்று திரை எந்த ஜன்னலோடு, அதாவது வரைபடம் தெரிகிற எந்த எல்லையோடு திறக்குமோ, அந்த ஜன்னல். கோடு காணோம் என்று பிள்ளைகள் கத்தும்போதெல்லாம் "ஜூம் அமுக்கி ஆறு அமுக்கு, ஒழுங்கான ஜன்னலுக்கு வா" என்று பதிலுக்குக் கத்துகிறவள் நான். ஒழுங்கான ஜன்னல்! சட்டப்படி இதற்குப் பெயர் பார்வையின்மை என்றார் டாக்டர்.

ஜன்னலுக்கு வெளியேயும் கோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உனக்குத் தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று எழுதாதே என்று ஆண்டுதோறும் பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அந்தக் கோட்டில் மரிசா சைக்கிளில் போய்க்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ராட் வெளியே உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே கூப்பிட வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "என்னவாம்?" என்றார். "கண்ணு வறண்டிருக்காம், சொட்டு மருந்து போடணுமாம்" என்றேன். "அவ்வளவுதானா? நானும் என்னமோன்னு பயந்துட்டேன்" என்று, வீடு வரும்வரை ஈஸ்டருக்கு மாட்டிறைச்சியை எத்தனை மணி நேரம் புகையில் போடலாம் என்பதையே பேசிக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்கில் நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை நீண்டு வந்ததை நான் பார்க்கவில்லை, பட்டபோதுதான் தெரிந்தது. துள்ளிவிட்டேன். "என்ன, இப்படித் தூக்கிப் போடுது?" என்று சிரித்தார்.

இது இன்னும் சுருங்குமாம். எப்போது, எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியவில்லை. வீட்டில் எழுந்து நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொள்கிறேன். வகுப்பில் என்ன செய்வேன், பள்ளி முதல்வரிடம் எந்த வார்த்தையில் தொடங்குவேன், எதுவும் தெரியவில்லை.

நீ எழுதுவேன் என்று மிரட்டியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரையும் எழுதிக்கொண்டிரு. நீ நிறுத்திவிடுவாயோ என்பதும் என் பயங்களில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

இப்போது மதியம். ராட் வெளியே என் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். "டோன்யா, பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு, திங்கக்கிழமை போறப்ப பாத்துக்க!" என்று கத்துகிறார். "சரி" என்று இங்கிருந்தே சொன்னேன்.

திங்கட்கிழமை நான் அந்தக் காரில் ஏறப்போவதில்லை. உரிம அலுவலகத்துக்கு நீ எழுத வேண்டாம், என் உரிமத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். ராட்டுக்குத் தெரியாது. பள்ளியில் யாருக்கும் தெரியாது. இதைப் படித்து முடிக்கும்வரை உனக்கும் தெரியாது.

உன்
டோன்யா