அசனத்தில் சம்பந்தியோடு மோதியது

மே 8, வியாழன்
வெயில். மலைப்பக்கம் மேகம், மழை இல்லை. பேனா புதிது. போன வருடம்வரை கைநாட்டு. இப்போது மகள் பெயரை எழுதத் தொடங்கினால் நிறுத்த மனம் வருவதில்லை. எஸ்தர். எஸ்தர். எஸ்தர்.

வெளிநாட்டிலிருந்து போன் செய்தாள். அவள் வேலை நியூட்ரினோ. வானத்திலிருந்து வரும் துகள். சுவர், மலை, பூமி, என் வயிறு, எதற்குள்ளும் புகுந்து போய்விடுமாம். எப்போதாவது ஒன்று முட்டும்.

"சக்தி கூடக் கூடத்தாம்பா முட்டும். பூமியைத் தாண்டி வராம எம்புட்டு நின்னு போச்சுன்னு பாத்து அளப்போம்."

இன்னும் இரண்டு வருடம் வேலை கொடுக்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சம்மதம். அவர் அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்திதான் மறுப்பு. ஊர் திரும்பி, பக்கத்துக் கிருஷ்ணன்கோவில் காலேஜில் வேலை பார்க்கட்டும் என்கிறார். திங்கட்கிழமை அவள் பதில் சொல்லவேண்டும்.

"நீங்க பேசுங்கப்பா."

எப்படிப் பேச? எஸ்தர் கல்யாணப் பந்தியில் சம்பந்தி எனக்கு மட்டும் அப்பளம் வைக்கவில்லை. மூன்று வருடமாகப் பேச்சு இல்லை.

சனி
புழுக்கம். பேச வேண்டியதை எழுதினேன். 1. தோத்திரம். 2. மழை. 3. எஸ்தர்.

மனைவி ரூபி எட்டிப் பார்த்தாள். "நாலாவது அப்பளமா?"

ஞாயிறு
ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் அசனம், எல்லோருக்கும் விருந்து. நானும் போனேன். சபை முழுக்கப் பந்தி. எனக்குச் சாம்பார் வாளி. சம்பந்தி எத்தனையோ தடவை எதிரே வந்தார், போனார். ஒருவருக்குள் ஒருவர் புகுந்து போனது மாதிரி.

"அண்ணாச்சி, கடைசிப் பந்திக்குச் சாம்பார்! ஓடியாங்க!"

ஓடினேன். எதிரே அவரும் ஓட்டம். கையில் அப்பளக் கூடை.

மோதல். வெள்ளை வேட்டி முழுக்கச் சாம்பார்.

"கண்ணு தெரியலையா ஓய்!"

மூன்று வருடத்தில் முதல் வார்த்தை! எழுதியதெல்லாம் மறந்துவிட்டது. "எஸ்தர் அங்கனயே இருக்கட்டும் சம்பந்தி!"

"மொதல்ல என் வேட்டியைப் பாரும்!"

பிறகு கடைசிப் பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். நொறுங்கிய அப்பளத்தில் பெரிய துண்டாக எடுத்து என் இலையில் வைத்தார். "அந்தப் புள்ள அங்க என்னதான் செய்யிது?"

"நாம இம்புட்டு நாள் முட்டாமத் திரிஞ்சோம்லா? இன்னைக்கு முட்டினோம். அப்படி எப்ப முட்டும், எம்புட்டு முட்டும்னு அளக்கா."

"இதுக்கா ரெண்டு வருசம்?"

"நமக்கே மூணு ஆச்சே ஓய்."

சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். சந்தோஷமாக, கொஞ்சம் ஓங்கியே.

"இருந்துட்டே வரட்டும். வேட்டியை நீரு வெளுத்துத் தாரும்."

திங்கள்
சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பானது. ரூபி திட்டு. எஸ்தர் சரி என்று பதில் கொடுத்துவிட்டாள். கறையைச் சொன்னேன்.

"எங்களுக்கும் அம்புட்டுதாம்பா. முட்டுறதைப் பாக்க ஏலாது. முட்டின பொறவு, நாங்க கருவி புதைச்சு வச்சிருக்க பனிக்கட்டிக்குள்ள ஒரு வெளிச்சம் வரும். அதான் கிடைக்கும்."

புதன்
சம்பந்தி போன். வேட்டி கேட்டு. பிறகு மழை, முட்டிவலி, பால்கோவா விலை. காது சூடாகிவிட்டது.

வெள்ளி
நல்ல வெயில். கறை போயே போய்விட்டது. ரூபி தேய்த்து மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். மறுபடி சம்பந்தி போன்.

"வேட்டி வெளுத்துருச்சா?"

"இன்னும் இல்ல சம்பந்தி."