தொண்ணூற்று நாலின் பறவை

மர்பி டவுன், பெங்களூர்
15-6-1998

அன்புள்ள பிரபாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே குளிரில் நீயும் மகாவும் இருமாமல் நன்றாக இருக்க சோமேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, சமையலறை மூலை மறுபடி ஒழுகுகிறது. பக்கத்து வீட்டு யூனிஸ் மகளுக்கு அடுகோடியில் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது.

உன் ரிஜிஸ்தர் தபால் வியாழக்கிழமை வந்தது. அதே வெள்ளிக்காசு, அதன்மேல் அதே உங்கள் ஊர்ச் சிரிக்கும் மீன்கொத்திப் பறவை. அப்பாவின் காசு ஆல்பத்தில் தொண்ணூற்று நாலாம் வருஷத்து இடம் காலியாக இருக்கக் கூடாது, இதை வைத்துவிடு என்று எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் இருந்த பழைய காசு எங்கேயோ விழுந்துவிட்டது என்று போனில் சொன்னேனே, அது பொய்.

அப்பா போன அன்றைக்கு, ஞாயிறு நாலு மணிக்கு வழக்கம்போல் ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் அப்பா சாய்ந்தார். கையில் இருந்தது அந்தக் காசு. விரலைப் பிரித்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். குளிப்பாட்டிக் கிடத்தியதும் நெற்றிக்கு ஒரு காசு கொடு என்று எதிர்வீட்டு முத்தம்மா கேட்டாள். டப்பா நிறைய ஒற்றை ரூபாய் இருந்தது, என் கை முந்தானைக்குத்தான் போனது. ஓரத்தை மட்டும் பிடி ஜானகி, விரல் பட்டால் வெள்ளி கறுக்கும் என்று எத்தனை முறை கத்தியிருப்பார். அதைச் சந்தனத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்துப்போன பிறகுதான் உறைத்தது. நெற்றிக்காசைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் உண்டா? நீ விமானம் பிடித்து வருவதற்குள் பால் தெளித்தாகிவிட்டது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு அவர் மேஜையில் பூதக்கண்ணாடியை வைக்கிற சத்தம் கேட்கிறது. டக்கென்று ஒரு தடவை, அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் கண்ணாடி வைத்த இடத்திலேயே இருக்கும். எலியாக இருக்கும் என்றாள் முத்தம்மா. எலிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா? முதலில் காசைத் தேடுகிறார், நான்தான் திருடி என்று நினைத்துக்கொள்வேன். பிறகு பிறகு இரண்டு டம்ளர் காபி போட ஆரம்பித்தேன்.

நீ அனுப்பியதை ஓரம் பிடித்து அந்தக் காலி இடத்தில் வைத்தேன். நேற்று ஞாயிறு. நாலடித்தது, நாலரை ஆனது, ஐந்தும் ஆனது. ஒரு சத்தமும் இல்லை. இரண்டு காபியும் ஆடை கட்டிப்போனது. பிரபா, அவர் போன அன்றுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

இன்று காலை நீ அனுப்பிய காசை வெளியே எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, இனி அந்த வருஷத்துக் காசு அனுப்பாதே. இதைப் பஞ்சில் சுற்றி என் கல்யாணப் புடவை மடிப்பில் வைத்திருக்கிறேன். எனக்கு நேரம் வரும்போது அதை என் நெற்றியில் நீதான் வைக்க வேண்டும், உன் கையால். நீ வரும்வரை என்னை எடுக்கக் கூடாது என்று முத்தம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதாக இருந்தால் நாலு மணிக்கு வேண்டாம்.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
ஜானகி